தாயத்து அல்ல, காப்புரு

எகிப்திய மம்மி பற்றித் தமிழில் எந்த ஆவணப்படத்தைப் போட்டாலும், 'பிணத்துக்குத் தாயத்து கட்டினார்கள்' என்று ஒரு குரல் வந்துவிடுகிறது. அமுலெட் என்றால் தாயத்து என்று அகராதியில் இருக்கிறது, அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அமுலெட் லத்தீன் சொல், பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி கையாண்டிருக்கிறார். தாயத்து உருது வழி வந்தது என்பார்கள். பிறமொழிச் சொல் என்பதல்ல என் குறை, பொருள் பொருந்தவில்லை. தாயத்து என்றால் சின்னக் குப்பி, உள்ளே சுருட்டிய தகடு, இடுப்பிலோ புஜத்திலோ கறுப்புக் கயிறு. சக்தி உள்ளே இருக்கும் எழுத்துக்கு. எகிப்தியர் மம்மித் துணிக்குள் வைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே என்று ஒன்றே கிடையாது, உருவமே காவல். 'ஜெட்' என்ற தூண் வடிவம், இறந்தோர் உலகின் தெய்வமான ஒசிரிஸின் முதுகெலும்பு. செந்நிறக் கல்லில் செய்த முடிச்சு ஐசிஸ் தேவியுடையது. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் உடலோடு சுற்றியிருந்த பொருள்கள் மட்டும் 143.

'மந்திரத் தகடு' என்று இன்னொரு கூட்டம் எழுதுகிறது. இது அதைவிட மோசம். மம்மியின் நெஞ்சருகே வைத்த 'இதய வண்டை'ப் பாருங்கள்: கரும்பச்சைக் கல், மேலே சாணி வண்டின் முதுகும் சிறகுக் கோடும், தட்டையான அடிப்பக்கத்தில் மறுமைக்கான மந்திரத் தொகுப்பாகிய இறந்தோர் நூலின் முப்பதாம் மந்திரம். இறந்தபின் நடக்கும் தீர்ப்பு நேரத்தில் சொந்த நெஞ்சே எதிர்சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அதனிடம் கெஞ்சுகிற வரிகள். இதில் தகடு எங்கே இருக்கிறது?

எகிப்தியரே இவற்றை 'மெகெத்' என்றார்கள். காத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். நம்மிடம் காப்பு இருக்கிறது. வெறும் காப்பு என்றால் கைவளை நினைவுக்கு வரும், சரி. உரு சேர்த்துக் காப்புரு என்றால் குழப்பம் தீர்ந்தது. திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் குட்டியாகச் செய்து பிள்ளை கழுத்தில் போட்ட ஐம்படைத்தாலியும் இதே இனம்தான். தாயத்து என்று சொல்லியே தீர வேண்டுமானால் அதற்கும் எகிப்தில் இடம் உண்டு: கி.மு. 1000-ஐ ஒட்டிய காலத்தில், தெய்வ வாக்கு எழுதிய பாப்பிரஸ் நாணல் தாளைக் குழாயில் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கட்டினார்கள்.

தெய்வங்கள் பாடு இன்னும் பரிதாபம். அனுபிஸை 'எமன்' என்று எழுதுகிறார்கள். நரித்தலை அனுபிஸ் உயிரைப் பறிப்பவன் அல்ல. உடலைப் பதப்படுத்திக் கல்லறையைக் காப்பவன். ஹோரஸ் தெய்வத்தின் நான்கு பிள்ளைகளோ இறந்தவரின் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஆளுக்கொன்றாகக் காக்கிறார்கள். அவர்களைப் போய் 'எமதூதர்' என்கிறார்கள். காவல் தெய்வம் என்ற சொல் ஊருக்கு ஊர் புழங்குகிறதே, அதை எழுத என்ன தடை?