பாட்டியின் மறதியைப் பேரனிடம் தேடாதீர்கள்

சென்ற வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பதி 9 வயது மகனை அழைத்து வந்திருந்தார்கள். "பாட்டிக்கு மறதி நோய், டாக்டர். இவனும் படித்ததையெல்லாம் மறந்துவிடுகிறான். மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார் தாய். இரண்டு மாதங்களில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது. பெரியவர்கள் வெளியே போனதும் பையன் கேட்டான்: "எனக்கும் அம்மா பெயர் மறந்துபோகுமா?"

பாட்டிக்கு 75 வயதில் வந்த அல்சைமர் நோய், பேரனின் நான்காம் வகுப்பு நோட்டில் தெரியாது. தெரியவே தெரியாது. ஏபிஓஈ-4 என்ற மரபணு வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் முதுமையில் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் இன்னும் அதிகம். ஆனால் அது இருந்தும் கடைசி மூச்சுவரை தெளிவோடு இருந்தவர்கள் உண்டு. இல்லாமலே நோய் கண்டவர்களும் உண்டு. தலைமுறைதோறும் 40, 50 வயதிலேயே தாக்கும் வகை அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்தக் குடும்பங்களில்கூடக் குழந்தைகளுக்குச் சோதனை செய்வதில்லை. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

பையனிடம் ஒரு கதை சொன்னேன். அப்படியே திருப்பிச் சொன்னான். சுவரிலிருந்த எழுத்து அட்டையைத்தான் படிக்க முடியவில்லை. கரும்பலகை தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எழுதுவான்? பிள்ளை மறக்கிறான் என்றால் முதலில் கண், காது, தூக்கம், ரத்தசோகை ஆகியவற்றைப் பாருங்கள். அதன்பின் கற்றல் குறைபாடு.

சிறுவயதுக்கும் முதுமைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நீங்கள் பயப்படும் வழியில் அல்ல. 2024-இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில், அதாவது அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களில், ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. சிறுவயதில் படிப்பு குறைவது அவற்றில் ஒன்று. ஹைதராபாத்தில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படித்தான். மதிப்பெண் கூடும் என்று வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அன்று என்னைக் கவலைப்பட வைத்தவர் தந்தைதான். வயது 44, ரத்த அழுத்தம் 160/100. மாத்திரையை நிறுத்தி ஓராண்டு ஆகிவிட்டதாம். நடுவயதில் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் அந்த 14-இல் ஒன்று ஐயா! இன்றே தொடங்குங்கள், சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள், புகையை விடுங்கள். பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். "உனக்கும் வந்துவிடும்" என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.