அண்ணனைப் பழிவாங்கினானா, அண்ணனுக்காகப் பழிவாங்கினானா?

ஸ்பானிஷ் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. தொடர் என்றால் பழிவாங்கல் இல்லாமலா? ‘பெங்கார்’ என்ற வினைச்சொல் எப்படியும் வந்துவிடும். (எழுதுவது வி, உச்சரிப்பது ‘பஸ்’ஸில் வரும் ப.) அகராதி அதை ‘பழிவாங்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதை நம்பித்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வசனம்: ‘போய் அ பெங்கார் அ மி எர்மானோ.’ எர்மானோ என்றால் சகோதரன். ‘என் அண்ணனைப் பழிவாங்கப் போகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனோ முந்தின எபிசோடிலேயே சுடப்பட்டுச் செத்துவிட்டான். “செத்தவன் மேல் தம்பிக்கு என்ன கோபம்?” என்று சரிபார்ப்பவர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பெங்காருக்குப் பின்னால் ‘அ’ போட்டு ஒரு ஆளைச் சொன்னால், அவர் பாதிக்கப்பட்டவர், அவருக்காகத்தான் பழிதீர்க்கிறோம். பழி யார் மேல் விழுகிறதோ அவரைச் சொல்ல, வினையோடு ‘சே’ ஒட்டி ‘பெங்கார்சே’ ஆக்கி, ஆளுக்கு முன்னால் ‘தெ’ போட வேண்டும். ‘மே பெங்காரே தெ மி எர்மானோ’ என்றால்தான் அண்ணனுக்கு ஆபத்து. (சொல்பவர் ‘நான்’ என்பதால் சே இங்கே மே ஆகிவிட்டது.) தமிழில் ‘ஐ’யும் ‘காக’வும் செய்கிற வேலை இது. நான் இப்போது முதல் வகைக்குப் ‘பழிதீர்’, இரண்டாவதற்குப் ‘பழிவாங்கு’ என்று பிரித்து வைத்திருக்கிறேன். இலக்கண விதி ஒன்றுமில்லை, என் கைப்பழக்கம்.

விளையாட்டுச் செய்தியில் வரும் ‘ரெபாஞ்சா’ வேறு சொல். தோற்ற அணி மறுபடி மோதிக் கணக்குத் தீர்ப்பது அது. அதற்குப் போய் ரத்தவாடை அடிக்கிற மாதிரி எழுத வேண்டாம்.

இன்னொரு குழப்பம் உண்டு. ‘பெங்கோ’ என்றால் ‘பழிதீர்க்கிறேன்’. ‘வருகிறேன்’ என்பதும் பெங்கோதான். அது ‘வா’ என்று பொருள்படும் ‘பெனிர்’ என்ற வினையின் வடிவம். எழுத்திலும் வித்தியாசம் கிடையாது. பின்னால் வரும் சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ‘பெங்கா’வும் அப்படியே. ‘பழிதீர்க்கிறான்’ என்றும் ஆகும். ஆனால் ஸ்பெயினில் நாள் முழுக்கக் காதில் விழும் பெங்காவுக்கும் பழிக்கும் சம்பந்தமே இல்லை. போனை வைக்கும்போது ‘பெங்கா, அஸ்தா லுவேகோ’ என்பார்கள். தமிழில் அது, ‘சரி, அப்புறம் பார்க்கலாம்.’