தொங்கும் கார்டும் பதினாறாவது பாட்டும்

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் 'டிக்டர்லீபெ' (கவிஞனின் காதல்) என்ற பாடல் வட்டத்தில் முதல் பாட்டு முடிவதே இல்லை. மே மாதம், மொட்டு விரிகிறது, நெஞ்சில் காதலும் விரிகிறது என்று பாடகர் பாடி ஓய்ந்ததும் பியானோ கொஞ்சம் தனியே அலைந்து, ஏழாம் ஸ்வரம் சேர்ந்த சி ஷார்ப் கார்டில் (கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) வந்து நின்றுவிடுகிறது. நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. நியாயமாக அந்தக் கார்ட் எஃப் ஷார்ப்பில், அதாவது நாலரைக் கட்டையில், போய் இறங்க வேண்டும். இறங்குவதில்லை. நிஷாதம் வரை ஏறி, மேல் சட்ஜத்தைத் தொடாமலே விட்டுவிட்ட ஆலாபனை போல.

இரண்டாவது பாட்டு ஏ, சி ஷார்ப் என்ற இரண்டே ஸ்வரங்களோடு தொடங்குகிறது. காது எதிர்பார்த்த எஃப் ஷார்ப் மைனரிலும் இந்த இரண்டும் உண்டு, ஏ மேஜரிலும் உண்டு (மேஜர், மைனர் என்பவை மேற்கத்திய இசையின் இருவகை ஸ்வர வரிசைகள்). எதில் இருக்கிறோம் என்பது ஒரு கணம் புரியாது. பிறகுதான் ஏ மேஜர் என்று தெளிகிறது. அங்கேயும் பாடகர் அடியை முடிக்காமல் 'பி'யில் நிறுத்த, மிச்சத்தைப் பியானோ மெல்ல முடித்துவைக்கிறது. இரண்டு பாட்டும் சேர்ந்து சில நிமிடங்கள்தான். ஆனால் பாடல் வட்டம் என்ற வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இவை இரண்டும் சேரும் இந்த இணைப்பைவிட நல்ல பாடம் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் விஷயம் எளிது. பெரும்பாலும் ஒரே கவிஞரின் கவிதைகள், ஒரு குரல், ஒரு பியானோ, மாற்றக்கூடாத வரிசை. கதை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வட்டத்தைக் கட்டுவது கதைதான் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுவது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள மூட்டு.

கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இங்கே ஒன்றை மாற்றி யோசிக்க வேண்டும். கச்சேரியில் ராகம் மாறும், சுருதி மாறாது. பாடல் வட்டத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கென்று ஒரு ஆதார சுருதி. ஆகவே ஒரு சுருதிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரமே இசையமைப்பாளர் கையிலுள்ள பொருளாகிவிடுகிறது. பக்கத்துச் சுருதிக்குப் போனால் உரையாடல் தொடர்வதுபோல் இருக்கும். தொலைவுக்குத் தாவினால் காட்சி மாறும்.

இந்த இணைப்பை வெளிப்படையாகவே போட்டவர் பீத்தோவன். 1816-இல் எழுதிய 'ஆன் டீ ஃபெர்ன கெலீப்டெ'யில் (தொலைவிலுள்ள காதலிக்கு) ஆறு பாட்டுகள். இடையில் நிறுத்தமே கிடையாது. ஒரு பாட்டு முடிவதற்குள் பியானோ சில தாள அளவுகளுக்குள் அடுத்த சுருதிக்குப் பாலம் போட்டுவிடும். இ ஃப்ளாட்டில், இரண்டரைக் கட்டையில், தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. கடைசிப் பாட்டில் முதல் பாட்டின் மெட்டு திரும்புகிறது. பதிப்பில் இருந்த 'லீடர்கிரைஸ்' என்ற சொல்லுக்குப் பொருளே பாடல் வட்டம்தான். ஒரு பாட்டைத் தனியே உருவிப் பாட நினைத்தால் இரண்டு பக்கமும் பாலம் அறுந்து தொங்கும்.

ஷூமான் பாலம் போடவில்லை. 1840 மே 24 முதல் ஜூன் 1 வரை ஹைன்ரிக் ஹைனேயின் கவிதைகளுக்கு இருபது பாட்டுகள் எழுதினார். 1844-இல் அச்சானவை பதினாறு. தள்ளிய நான்கும் பிற்பாடு வேறு தொகுப்புகளில் வந்தன. ஒவ்வொரு பாட்டும் தனியாகவே அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைச் சார்ந்து நிற்கிறது. இதைவிடத் துணிச்சலான வேலை கடைசியில் இருக்கிறது.

பன்னிரண்டாவது பாட்டில் காதலன் தோட்டத்தில் நடக்கிறான். பூக்கள் அவனிடம், எங்கள் சகோதரிமேல் கோபம் கொள்ளாதே என்று கிசுகிசுக்கின்றன. குரல் நின்றதும் பி ஃப்ளாட் மேஜரில் ஒரு பின்னிசை. பதினாறாவது பாட்டில் அவன் பெரிய சவப்பெட்டி கேட்கிறான். காதலையும் வேதனையையும் அதில் போட்டுக் கடலில் மூழ்கடிக்க வேண்டுமாம், தூக்கிச் செல்லப் பன்னிரண்டு ராட்சதர்கள் வேண்டுமாம். சொற்கள் அதோடு முடிந்தன. பியானோ நிற்கவில்லை. பூக்கள் பேசியபின் வந்த அதே இசையை மீண்டும் எடுக்கிறது. சொல்லில் மன்னிப்பு எங்குமே இல்லை, விரல்களில் இருக்கிறது. இந்த முறை சுருதி டி ஃப்ளாட் மேஜர். பியானோவில் டி ஃப்ளாட்டும் சி ஷார்ப்பும் ஒரே கறுப்புக் கட்டை. முதல் பாட்டு எங்கே தொங்கியதோ அதே இடம்.

ஆனால் எல்லா வட்டத்திலும் இப்படிச் சுருதிக் கோலம் தேடக் கூடாது. ஷூபர்ட்டின் 'வின்டர்ரைசெ'யை (குளிர்காலப் பயணம்) எடுத்துக்கொள்ளுங்கள். 1827 பிப்ரவரியில், வில்ஹெல்ம் மியூல்லரின் பன்னிரண்டு கவிதைகளே அவர் கையில் இருந்தன. முதல் பாட்டு டி மைனர், பன்னிரண்டாவதும் டி மைனர். வட்டம் மூடிவிட்டது. பிறகுதான் இருபத்து நான்கு கவிதைகளும், அவையும் வேறு வரிசையில், கிடைத்தன. எழுதியதைக் கலைக்காமல், மிஞ்சியவற்றை ஏறக்குறைய புத்தக வரிசையிலேயே பின்னால் சேர்த்தார். அதனால் மியூல்லர் ஆறாவதாக வைத்த தபால் வண்டிக் கவிதை பதின்மூன்றாவது பாட்டாக நிற்கிறது. அச்சுக்குப் போகும்போது பன்னிரண்டாவது பாட்டு டி மைனரிலிருந்து பி மைனருக்கு இறங்கியது. மூடிய வட்டம் திறந்துகொண்டது.

அதன் கடைசிப் பாட்டில் ஒரு கிழவர் பனியில் வெறுங்காலோடு கைப்பிடி சுழற்றி வாத்தியம் வாசிக்கிறார். பியானோவின் இடக்கை, ஏ மைனரின் சா–பா இரண்டை மட்டும் தம்புரா போலத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். என் பாட்டுக்கு உம் வாத்தியத்தைச் சுழற்றுவீரா என்ற கேள்வியோடு இருபத்து நான்கு பாட்டும் முடிகின்றன. கையெழுத்துப் பிரதியில் இது பி மைனர்.

பாடுவோருக்கு முதல் தொல்லை சுருதியை இறக்குவது. எல்லாப் பாட்டையும் ஒரே அளவு இறக்கினால் தூரங்கள் கெடாது. குரலுக்கு வசதி பார்த்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவு இறக்கினால்தான் ஆபத்து. 'டிக்டர்லீபெ'யின் முதல் பாட்டை ஒரு கட்டையும் இரண்டாவதை இரண்டு கட்டையும் இறக்கிப் பாருங்கள். தொங்கும் கார்ட் 'பி'யில் நிற்கும், அடுத்த பாட்டு எஃப், ஏ என்று தொடங்கும். அந்தக் கார்ட் இறங்க ஏங்குவது 'இ'யில். 'இ' மைனரில் எஃப்புக்கு வேலையே இல்லை. முன்பிருந்த மயக்கம் போய், பக்கம் மாறிப் புரண்டதுபோல் இருக்கும். தாழ்ந்த குரலுக்கான பதிப்பு வாங்குவோர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். ஏழாவது பாட்டின் உச்ச 'ஏ'வுக்குப் பயந்து இறக்குவோர் உண்டு. அந்த ஸ்வரம் கட்டாயமில்லை, ஷூமானே தாழ்ந்த மாற்று வழி தந்திருக்கிறார்.

அடுத்தது இடைவெளி. முதல் பாட்டின் கடைசிக் கார்ட் மேல் நீட்டிப்புக் குறி இருக்கிறது. அது காற்றில் முற்றிலும் கரையும் முன் இரண்டாவது தொடங்கினால்தான் மூட்டு பிடிக்கும். பாடகர் தோளைத் தளர்த்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், அவையில் இருமல் கிளம்பும், கார்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். 'டிக்டர்லீபெ' அரைமணி நேரம், சமாளிக்கலாம். 'வின்டர்ரைசெ' ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல், வழக்கமாக இடைவேளை இல்லை. பாடகருக்குக் கிடைக்கும் ஓய்வெல்லாம் பியானோவின் முன்னிசையிலும் பின்னிசையிலும்தான்.

அவையை நம்பாதவர் குஸ்டாவ் மாலர். ரூக்கெர்ட்டின் கவிதைகளுக்கு ஆர்கெஸ்ட்ராவோடு அவர் அமைத்த 'கிண்டர்டோட்டன்லீடர்' (இறந்த குழந்தைகளுக்கான பாடல்கள்) ஐந்து பாட்டுகள் கொண்டது. இவை பிரிக்க முடியாத ஒரே முழுமை, நடுவில் கைதட்டல் போன்ற இடையூறுகளைத் தடுத்துத் தொடர்ச்சியைக் காக்க வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே எழுதிவைத்தார். கைபேசியில் பாட்டுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் பொத்தானை அவர் அறிந்திருக்க முடியாது. ஷூமானைக் கேட்கும்போது முதலில் அதை அணைத்துவிடுங்கள்.