முகத்துவாரம் ஏன் தூர்ந்துபோகிறது?

பழவேற்காட்டில் முகத்துவாரம், அதாவது ஏரி கடலோடு சேரும் வாய், தூர்ந்தால் படகு கடலுக்குப் போக வழியில்லை. பொக்லைன் வைத்து மணலை வாரினாலும் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. அடையாற்றிலும் இதே பாடுதான். ஆழம் போதவில்லை என்று தோன்றும். ஆனால் வாயின் அளவைத் தீர்மானிப்பது இயந்திரம் அல்ல, அதன் வழியே போய்வரும் தண்ணீர்.

சோழமண்டலக் கரையில் அலைகள் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் வாயை மூடுகிறது. தினம் இருமுறை கடலோடு ஏறி வடியும் ஓதநீர் அதை அரித்துத் திறக்கிறது. அரிப்பு ஈடுகொடுக்க நீரின் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேண்டும்.

ஒரு கணக்கு. 1 சதுர கி.மீ. உப்பங்கழியில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் 5 லட்சம் கன மீட்டர் நீர் உள்ளே வந்து வெளியே போகும். சுமார் 6 மணி நேரத்தில் இது வடிய, உச்சத்தில் விநாடிக்கு 35 கன மீட்டர் பாயும். 1 மீட்டர் வேகத்துக்கு வாயின் குறுக்குப் பரப்பு 35 சதுர மீட்டர்: 25 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம். இதைவிடப் பெரிதாகத் தோண்டினால் வேகம் குறைந்து மணல் படியும். வாய் தன் பழைய அளவுக்கே சுருங்கும். இது எதிர்மறைப் பின்னூட்டம்: மாற்றம் தன்னையே திருத்திக்கொள்வது. அந்த அளவிலிருந்து சற்றே சுருங்கினாலும் வேகம் கூடி அரித்துக்கொள்ளும்.

ஆனால் இந்தச் சமாளிப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1940இல் எஸ்கோஃபியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதை ஒரு வளைகோட்டில் காட்டினார். வாய் ரொம்பவும் ஒடுங்கிவிட்டால் உராய்வு நீரை மறிக்கும். கழிக்குள் ஓதம் சரியாக ஏறாது. போய்வரும் நீர் குறையக் குறைய வேகம் தளரும், மணல் படியும், வாய் இன்னும் ஒடுங்கும். இது நேர்மறைப் பின்னூட்டம்: மாற்றம் தன்னையே பெருக்கிக்கொள்வது. பெயரைப் பார்த்து நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வாயை முழுதாக அடைப்பது இதுதான். ஆற்றில் நீர்வரத்து இல்லாத கோடையில் இது எளிதில் நடக்கிறது. கழி தூர்ந்தாலோ ஆக்கிரமிப்பில் பாதியானாலோ ஓதநீரும் பாதியாகும். பிறகு 35 சதுர மீட்டர் தோண்டுவது வீண், 17தான் நிற்கும்.

மழைக்காலத்தில் அதே நேர்மறைச் சுழற்சி எதிர்த்திசையில் ஓடும். மணல் திட்டுக்குப் பின்னால் நீர் தேங்கி ஒரு மூலையில் வழிந்தால், வழிந்த இடம் அரிபடும். அதிக நீர் அங்கே பாயும், இன்னும் அரிபடும். சில மணி நேரத்தில் ஓடை ஆறாகிவிடும். கழிக்கும் கடலுக்கும் மட்டம் சமமாகும்போது வேகம் அடங்கும்.

தோண்டுபவர்கள் இதைப் பயன்படுத்தலாம். கழிப் பக்கத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, கடலோரத்தில் சிறு மணல் தடுப்பை விட்டுவைக்க வேண்டும். கழியில் நீர் நிறைந்திருக்கும் நாளில், கடலில் ஓதம் உச்சம் தொட்டு வடியத் தொடங்கி, அதன் மட்டம் கழியைவிடத் தாழ்ந்ததும் அந்தத் தடுப்பை உடைத்தால் மீதி வேலையை வடியும் நீரே செய்யும். வாரிய மணலைத் தெற்குக் கரையில் குவிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நகரும் மணலோடு அதுவும் வாய்க்கே திரும்பிவரும். வடக்கில் கொட்ட வேண்டும்.