தொட்டியில் ஒரு பவளம் மட்டும் ஏன் வாடுகிறது?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் பவளங்கள் எல்லாம் நன்றாக விரிந்து நிற்க, ஒன்று மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். சோதித்துப் பார்த்தால் உப்பு, சுண்ணாம்பு, வெப்பம் எல்லாம் சரியான அளவிலேயே இருக்கும். அப்புறம் என்னதான் குறை? இதைப் புரிந்துகொள்ளப் பவளம் எப்படிப் பிழைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பவளம் ஒரு விலங்கு. வாயும் அதைச் சுற்றிக் கொடுக்குகளும் கொண்ட சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் சதைக்குள் சூசாந்தெல்லா என்ற ஒற்றைச்செல் பாசி வாழ்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சக் கணக்கில் இருக்கும். பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கொடுத்துவிடும். பதிலுக்கு விலங்கின் கழிவிலிருந்து நைட்ரஜனும் கரியமில வாயுவும் பாசிக்குக் கிடைக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கே தடைபட்டது என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான்.

நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பவளம் வெளிறினால் பாசி வெளியேறுகிறது என்று அர்த்தம்: ஒளியோ வெப்பமோ மிஞ்சியிருக்கலாம், சத்து குறைந்திருக்கலாம். பழுப்பேறினால் பாசி பெருகியிருக்கிறது. ஒளி போதவில்லை அல்லது சத்து கூடிவிட்டது. வெளிறிய பவளத்தில் கண்ணாடி மாதிரியான சதை இன்னும் போர்த்தியிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. சதையே உரிந்து கூடு தெரிந்தால் விலங்கே சாகிறது. அப்போது காத்திருக்க நேரம் இல்லை.

ஒளி மிஞ்சினால் என்ன ஆகிறது? பாசி தாங்கக்கூடியதைவிட அதிக ஒளி விழும்போது ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வகைகள் சதைக்குள் சேர்கின்றன. பாசியை வைத்திருப்பதே ஆபத்து என்றாகி, பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. நீர் சூடானால் இந்தத் தடுமாற்றம் குறைந்த ஒளியிலேயே தொடங்கிவிடும். நீரோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. சதையை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஓட்டம் நன்றாக இருந்தால் படலம் மெலிந்து, மிகையான ஆக்சிஜன் வெளியேறும், வேண்டியது உள்ளே வரும். மங்கிப்போன பவளத்துக்கு விளக்கை மாற்றுவதற்கு முன் பம்பின் திசையை மாற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சிங்கப்பூரில் வெப்பம் தனிக்கதை. இங்கே கடலே சில சமயம் தாங்காது. 1998, 2010, 2016, 2024 என நம் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் பரவலாக வெளிறியிருக்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைத்திருக்கும் தொட்டியில் விளக்கும் பம்பும் சேர்ந்து சூடேற்றினால் தண்ணீர் எளிதாக 30 டிகிரியைத் தாண்டும். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. அதனால்தான் இங்கே பலர் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குகிறார்கள். மின்விசிறியும் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும், ஆனால் உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிவு ஏறும். ஆவியாகிப்போன அளவுக்குச் சுத்தமான நன்னீர் ஊற்ற வேண்டும். நம் குழாய்நீரில் குளோரமின் கலந்திருக்கிறது. சாதாரண குளோரின் மாதிரி ஓரிரவு திறந்து வைத்தால் அது போய்விடாது. கார்பனும் (நச்சை உறிஞ்சும் கரி) ஆர்ஓ வடிகட்டியும் தேவை.

கலப்புத் தொட்டியின் உண்மையான சிக்கல் அண்டைச் சண்டைதான். கடலில் பல மீட்டர் தள்ளி வாழும் இனங்களை நாம் இரண்டடிக் கண்ணாடிக்குள் சேர்த்து வைக்கிறோம். லெதர் போன்ற மென்பவளங்கள் டெர்பீன் வகை நச்சுகளை நீரில் கலக்கும். கல்பவளங்கள் தொடாமலே வாடும். கார்பன் போட்டால் இது பெருமளவு குறையும். கல்பவளங்களும் சும்மா இருப்பதில்லை. உட்லண்ட்ஸில் ஒரு நண்பரின் ஹாமர் பவளம் ஒரு பக்கம் மட்டும் சதை வற்றிக்கொண்டே வந்தது. “எல்லாம் அளந்து பார்த்துட்டேன், ஒண்ணும் புரியல” என்றார். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தோம். எதிரே இருந்த கேலக்சியா பவளத்திலிருந்து நூல் போன்ற கொடுக்குகள் ஒரு சாண் நீளத்துக்கு நீண்டு, வற்றிய பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தன. பகலில் அவை சுருங்கிவிடும், தெரியவே தெரியாது. வாடும் பவளம் இருந்தால் முதலில் இரவில் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையும் பல பவளங்களைக் கொன்றிருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமானால் பாசி பட்டினி கிடக்கும். பாஸ்பேட் இல்லாத பவளம் ஒளிக்கும் வெப்பத்துக்கும் சீக்கிரம் வெளிறும் என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கட்டும்.

கூடு வளர 8 முதல் 9 டிகேஎச் காரத்தன்மையும் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் போதும். ஒரே நாளில் 1 டிகேஎச்-க்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏசி போட்டுக் கதவு சாத்திய அறையில் இரவில் கரியமில வாயு ஏறி, தொட்டியின் பிஎச் இறங்கும். ஜன்னலைத் திறந்தாலே பிஎச் ஏறிவிடும், அதற்கு ரசாயனம் வேண்டியதில்லை.

இடத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை ‘பார்’ (PAR) என்ற அளவில் அளப்பார்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, ஹாமர் வகைக்கு 100 முதல் 150, கிளைவிடும் கல்பவளமான அக்ரோபோராவுக்கு 200-க்கு மேல். தொட்டி முழுக்க ஒளியைக் கூட்டிக் குறைப்பதைவிட, வாடும் பவளத்தை மட்டும் நிழலான, ஓட்டமுள்ள இடத்துக்கு நகர்த்துவது மற்ற பவளங்களைப் பாதிக்காது. நகர்த்தியபின் இரண்டு வாரமாவது அதைத் தொடாமல் விடுங்கள். ஒரே நேரத்தில் விளக்கு, உப்பு, மருந்து என மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியவே வராது.

அக்ரோபோராவில் அடியிலிருந்து சதை உரிந்து மேலேறுகிறது என்றால் இந்தப் பொறுமை உதவாது. உரிந்த எல்லைக்கு மேலே, நல்ல சதை இருக்கும் பகுதியில் வெட்டி, நுனியைத் தனியாக ஒட்டிவிட வேண்டும். ஹாமரில் பழுப்புக் கூழ் படிந்தால் அந்தத் தலையைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, சதைக்குக் கீழே உள்ள வெறும் கூட்டில் வெட்டி, கூழ் மற்றத் தலைகளுக்குப் பரவாமல் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.