குளூட்டன் = பசையம்

சென்னைக் கடைகளில் சிறுதானியப் பாக்கெட்டுகள் மேல் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளூட்டன் லத்தீன் சொல், பொருள், பசை. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து போய், இழுத்தால் நீளும் ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். கிளையடின், குளூட்டெனின் என்ற புரதங்கள் தண்ணீர் பட்டதும் பின்னிக்கொண்டு உண்டாவது. மாஸ்டர் வீசி அடிக்கும் பரோட்டா மாவு கிழியாமல் விரிவதற்கும் இதுவே காரணம். பார்லியிலும் ரை தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு.

தமிழில் இதைப் 'பசையம்' என்கிறோம். மூலச் சொல்லின் பொருள் அப்படியே நிற்கும் நல்ல சொல். ஒரு 'ச்' கூடிவிட்டால் மட்டும் பச்சையம் ஆகி, இலையின் குளோரோஃபில்லுக்குப் போய்விடும். அச்சுக் கோப்பவர்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்று, ஒட்டுவதெல்லாம் பசையம் இல்லை. கவுனி அரிசி குழைந்து ஒட்டும், அதில் பசையம் கிடையாது.

சரி, பசையத்தால் வரும் நோயின் பெயர்? எதையும் 'குளூட்டன் அலர்ஜி' என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் குழப்பம்.

சீலியாக் என்ற நோய் அலர்ஜியே இல்லை. பசையம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. சாப்பிட்ட சத்து ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரும். சிலருக்கு வயிறு ஒன்றும் செய்யாமல் ரத்தசோகை மட்டுமே தெரியும். பெயர் வந்தது வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. பெயர் பழையது, காரணம் தெரிந்ததோ 20ஆம் நூற்றாண்டில்: வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று 1950இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். 'வயிற்று நோய்' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'பசையக் குடல்நோய்' என்பதே என் தேர்வு.

'ஒவ்வாமை' என்ற சொல்லைக் கோதுமை ஒவ்வாமைக்கு வைத்துக்கொள்ளலாம். அது தின்ற கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று காட்டும். இந்த இரண்டும் இல்லாமலே கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, களைப்பாக இருக்கிறது என்பவர்கள் மூன்றாம் வகை. அதற்குப் 'பசையம் தாளாமை' போதும்.

வட இந்தியாவை விடத் தெற்கில் பசையக் குடல்நோய் குறைவு. இட்லி, பொங்கல், கேழ்வரகுக் கூழ் எதிலும் பசையம் இல்லை. ரவா தோசை, சேமியா, பார்லி மால்ட் பானங்களில் உண்டு. பலர் கோட்டைவிடுவது பெருங்காயத்தில். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள். சாம்பார் வழியாக அது இட்லித் தட்டுக்கும் வந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம்.