குலுங்காமல் கிளம்பும் பழைய டிராம்

சான் பிரான்சிஸ்கோவின் எஃப் தடத்தில் ஓடும் டிராம்களில் சில, 1940-களின் பிற்பகுதியில் மினியாபொலிஸ் நகரத்துக்காகச் செய்தவை. 1953-ல் நியூவர்க் நகரம் அவற்றை வாங்கி 2001 வரை ஓட்டியது. அப்புறம் மேற்குக் கரைக்கு வந்தன. மூன்று ஊர் கண்ட வண்டிகள், இன்னமும் மார்க்கெட் தெருவில் ஆள் ஏற்றுகின்றன.

இந்த வகைக்குப் பிசிசி என்று பெயர். காரும் பஸ்ஸும் பயணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1929-ல், அமெரிக்க டிராம் நிறுவனத் தலைவர்கள் கூடி அமைத்த குழுவின் பெயர்ச் சுருக்கம் அது. நின்றுகொண்டு போகிறவர் எவ்வளவு இழுப்பைத் தாங்குவார் என்று அந்தக் குழுவின் பொறியாளர்கள் சோதித்து அளந்தார்கள். வண்டி வேகம் எடுக்கலாம், ஆனால் அந்த இழுப்பு சட்டென்று மாறினால்தான் ஆள் தடுமாறுகிறார். வண்டி முழுவதையும் இதை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். 1936-ல் முதல் வண்டிகள் ஓடத் தொடங்கின.

மேல்கம்பியில் 600 வோல்ட் நேர்மின்சாரம். கூரைமேல் இருக்கும் கம்பம் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. தண்டவாளம் வழியாக அது திரும்பிப் போகிறது. சுழலும் மோட்டார், உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஓர் எதிர்மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நிற்கும் மோட்டாரில் அது கிடையாது. அப்படியே 600 வோல்ட்டையும் கொடுத்தால் மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் கருகிவிடும். அதனால் நடுவில் மின்தடைகளை வைத்து, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அதற்கு முந்தைய டிராம்களில் ஓட்டுநர் கைப்பிடியைச் சில படிகளில் திருப்புவார். படிக்கு ஒரு குலுக்கல். பிசிசியில் அந்த வேலையை ஒரு சிறு மோட்டார் செய்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் செய்த கருவியில் 99 படிகள். படி மாறுவதே உடம்புக்குத் தெரியாது. ஓட்டுநர் காரில் போலப் பெடலை மிதித்தால் போதும்.

நிறுத்துவதும் அழகான ஏற்பாடு. பிரேக்கை மிதித்ததும் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை அதே மின்தடைகளில் சூடாக்கித் தீர்க்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, குளிர்காலத்தில் அந்தச் சூட்டையே ஊதி உள்ளே அனுப்பிப் பயணிகளைக் கதகதப்பாக வைத்திருந்ததுதான். கடைசிச் சில அடிகளுக்கு மட்டும் டிரம் பிரேக். அவசரம் என்றால், சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் மின்காந்தங்கள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். சக்கரத்தின் விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ரப்பர் வைத்திருப்பதால் இரைச்சலும் குறைவு.

இத்தனை நல்ல இயந்திரத்துக்கும் வயதாகும். பென்சில்வேனியாவில் புரூக்வில் என்ற ஊரின் பட்டறையில் இந்தச் சான் பிரான்சிஸ்கோ வண்டிகளின் துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதிது வைத்தார்கள், மின்கம்பிகளை மாற்றினார்கள். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் பிசிசி ஓடிய ஏதாவதொரு நகரத்தின் நிறத்தைப் பூசினார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக நிறுத்தங்களில் உயர்ந்த மேடைகள் வந்தன.

கம்பம் மட்டும் மாறவில்லை. எப்போதாவது அது கம்பியை விட்டு நழுவினால், ஓட்டுநர் இறங்கி வண்டியின் பின்னால் போய், கயிற்றை இழுத்துப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி கம்பத்தின் நுனியை மெல்லக் கம்பியில் பொருத்துகிறார்.